ஆளில்லா ஹெலிகாப்டருக்கு ஆள் யார்?



போர்க்கப்பலின் மேல்தளத்திலிருந்து விமானி இல்லாமலே எழும்பி, மணிக்கணக்கில் கடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதே தளத்தில் திரும்பி வந்து இறங்கும் ஹெலிகாப்டரைப் பற்றி இந்த மாதம் எழுதுகிறோம். "அரிசி விலையையும் கப்பல் டிக்கெட்டையும் விட்டுவிட்டு, சங்கப் பத்திரிகைக்கு இந்த ஆகாய ஆராய்ச்சி எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது.

2011 குடிக்கணக்குப்படி அந்தமான் நிகோபாரில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். நம்மவர்கள் ஒரே வழியில் இங்கு வந்தவர்கள் அல்ல. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் உண்டு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் கூலி வேலைக்குச் சேர்ந்தவர்கள் உண்டு. 1969 முதல் கிரேட் நிகோபாரில் குடியமர்த்தப்பட்ட முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. கொத்து வேலைக்கும் மீன்பிடிக்கும் கடை வேலைக்கும் கப்பலேறியவர்கள் உண்டு. எல்லோரும் கடலைத் தாண்டி வந்தவர்கள். இன்றும் கடலை நம்பிப் பிழைப்பவர்கள். அந்தக் கடலைக் காவல் காக்கும் கருவியைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு உண்டு?

போர்க்கப்பலிலிருந்து பறக்கும் ஆளில்லா வானூர்திகள் வேண்டும் என்று நமது கடற்படை பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. 2001-இல் அமைந்த அந்தமான் நிகோபார் கட்டளையகம் முப்படைகளும் ஒரே தலைமையில் இயங்கும் இடம். கப்பல் வரும் கடலுக்கு, கப்பலில் ஏறிய கருவியும் வரும். வந்த பிறகு புலம்புவதைவிட வருவதற்கு முன் கேட்பது நல்லது.

நமது நிலையை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். இந்த யந்திரத்தை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் கண்ணை மட்டும் வாங்கிவிட்டுக் கையைக் குறைத்துக்கொள்வதை எதிர்க்கிறோம். பார்த்த பிறகு காப்பாற்றுவது யார், காப்பாற்றாவிட்டால் பதில் சொல்வது யார் என்பது எழுத்தில் இல்லாமல் இந்த யந்திரம் தீவின் மேல் பறக்கக் கூடாது என்கிறோம்.

யந்திரத்தின் யோக்கியதை

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். தெரியாத ஒன்றைப் புகழ்வதும் தவறு, திட்டுவதும் தவறு.

சாதாரண விமானத்துக்கு ஓடுபாதை வேண்டும். 836 தீவுகளும் திட்டுகளும் பாறைகளும் சிதறிக் கிடக்கும் இந்தப் பிரதேசத்தில் ஓடுபாதை எத்தனை இடத்தில் போட முடியும்? தெற்குக் கோடியில் கேம்பல்பேயில் கடற்படையின் ஐ.என்.எஸ். பாஸ் விமானத் தளம் 2012 ஜூலையில்தான் திறக்கப்பட்டது. ஹெலிகாப்டருக்கு அந்தக் கவலை இல்லை. கப்பலின் தளம் போதும், பள்ளிக்கூட மைதானம் போதும். ஒரே இடத்தில் அந்தரத்தில் நின்று பார்க்கவும் அதனால் முடியும்.

ஆளில்லா ஹெலிகாப்டருக்கு உதாரணமாக ஆஸ்திரியா நாட்டின் ஷீபெல் கம்பெனி செய்யும் கேம்காப்டர் எஸ்-100 என்பதைச் சொல்லலாம். நீளம் மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம். சுமையோடு சேர்த்து மொத்த எடை 200 கிலோ. அதில் சுமை 50 கிலோ வரை. ஆறு மணி நேரம் பறக்கும். அதை ஆட்டி வைக்கும் வானொலித் தொடர்பு 200 கிலோமீட்டர் வரை எட்டும். பகலில் பார்க்கும் காமிரா, இருட்டில் உடல் சூட்டையும் எஞ்சின் சூட்டையும் கண்டுபிடிக்கும் காமிரா, கப்பல்கள் தம் பெயரையும் இடத்தையும் அறிவிக்கும் சமிக்ஞையை வாங்கும் கருவி ஆகியவற்றை அதில் பொருத்தலாம். 2007-இல் நமது கடற்படை ஐ.என்.எஸ். சுஜாதா கப்பலில் ஏற்றி இதைச் சோதித்துப் பார்த்தது.

பார்ப்பதற்கு மட்டுமல்ல, சுமப்பதற்கும் இத்தகைய யந்திரம் உண்டு. அமெரிக்கக் கடற்படைக் காலாட்கள் ஆப்கானிஸ்தானில் 2011 டிசம்பர் முதல் 2014 வரை கே-மாக்ஸ் என்ற ஹெலிகாப்டரை விமானி இல்லாமல் ஓட்டினார்கள். ஒரு நடைக்கு 2,700 கிலோ வரை தூக்கக்கூடியது; மொத்தம் 2,000 டன்னுக்கு மேல் சரக்கு சுமந்தது. சாலையில் போன லாரிகள் கண்ணிவெடியில் சிக்கியதால் ஆகாயத்தில் ஏற்றினார்கள். ஜப்பானிலோ மோட்டார் சைக்கிள் செய்யும் யமஹா கம்பெனியே ஆளில்லாச் சிறு ஹெலிகாப்டரைச் செய்து 1980-களின் இறுதியிலிருந்து நெல் வயலுக்கு மருந்தடிக்க விற்றது. 2000-ஆம் ஆண்டு உசு எரிமலை பொங்கியபோது மனிதன் போக முடியாத வாய்க்கருகே போய்ப் பார்த்ததும் அந்த வகைதான்.

நம் நாட்டில் சேத்தக் ஹெலிகாப்டரை ஆளில்லாததாக மாற்ற இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் இஸ்ரேல் நிறுவனத்தோடு சேர்ந்து திட்டம் போட்டது. அது கடற்படைக் கப்பல்களில் வேலைக்கு வந்து சேரவில்லை. ஆனால் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து கிளைத்த நிறுவனம் செய்த 'சபல் 20' என்ற மின்சார ஆளில்லா ஹெலிகாப்டர்கள் 2024-இல் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. மலைமேல் இருக்கும் காவல் முகாம்களுக்கு 20 கிலோ சரக்கு கொண்டு போக அவை உதவும்.

இவ்வளவும் வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தையும் பார்ப்போம். ஆளில்லாப் போர் ஹெலிகாப்டர் நேற்று முளைத்தது அல்ல. 1960-களிலேயே அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிகளைத் தாக்க டார்பீடோ சுமக்கும் 'டேஷ்' என்ற யந்திரத்தை 700-க்கு மேல் செய்தது. பாதிக்கு மேல் கடலில் விழுந்தும் காணாமல் போயும் தொலைந்தன. கட்டளை அறுந்தால் காற்றாடிதான். 2012 மே மாதம், தென்கொரியாவில் ஜி.பி.எஸ். சமிக்ஞை குலைக்கப்பட்டிருந்த நாட்களில், இஞ்சியோன் நகரில் சோதனைக்காகப் பறந்த எஸ்-100 ஒன்று தன்னை இயக்கிய வண்டியின் மேலேயே வந்து விழுந்தது. பொறியாளர் ஒருவர் மாண்டார், இருவர் காயமடைந்தார்கள். மேலே ஆள் இல்லை, உண்மைதான். கீழே ஆள் இருந்தார்கள்.

இன்னொரு கணக்கையும் மறக்கக் கூடாது. போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது) கேம்பல்பே ஏறத்தாழ 540 கிலோமீட்டர். யந்திரத்தின் கயிறு 200 கிலோமீட்டர். ஆகவே கட்டளை கொடுக்க இடையிடையே கப்பலோ நிலையமோ வேண்டும். அங்கெல்லாம் ஆள் வேண்டும். ஆளில்லா ஹெலிகாப்டரை நிறையப் பேர் சேர்ந்துதான் பறக்கவிடுகிறார்கள்.

ஆளில்லா கேட் புகட்டிய பாடம்

தீவில் தண்டவாளம் இல்லை. ஆனாலும் ரயில்வேயில் பேனா பிடித்துப் பிழைக்கும் நாம், கப்பலை விட்டிறங்கி ஊருக்குப் போகும் தீவுக் குடும்பங்களுக்கு டிக்கெட் எழுதும் நாம், 'ஆளில்லா' என்ற சொல்லைக் கேட்டால் துணுக்குறுகிறோம். அந்தச் சொல்லின் விலை எங்கள் இலாகாவுக்குத் தெரியும்.

பல பத்தாண்டுகள் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான லெவல் கிராசிங்குகளில் கேட்டும் இல்லை, கேட் கீப்பரும் இல்லை. ஒரு பலகை மட்டும் இருந்தது. "நில், கவனி, பிறகு செல்." அங்கே அஜாக்கிரதையாகக் கடப்பவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை என்கிறது 1989 ரயில்வே சட்டத்தின் 161-ஆவது பிரிவு. கவனியுங்கள், தோழர்களே. ஆள் போடாதவருக்குத் தண்டனை இல்லை. ஆளில்லாத இடத்தைக் கடந்தவருக்குத் தண்டனை. ஒரு சம்பளத்தை மிச்சம் பிடித்தபோது அந்த ஆளின் பொறுப்பு மாட்டுவண்டிக்காரன் தலையிலும் பள்ளிக்கூட வேன் டிரைவர் தலையிலும் ஏற்றப்பட்டது.

2012-இல் ககோட்கர் குழு எல்லா லெவல் கிராசிங்குகளையும் ஒழிக்கச் சொன்னது. 2018 ஏப்ரல் 26-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் ஆளில்லா கிராசிங் ஒன்றில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் மாண்டார்கள். அதன் பிறகு வேலை வேகம் பிடித்தது. 2019 ஜனவரி இறுதிக்குள் அகலப்பாதையில் ஆளில்லா கிராசிங்குகள் முற்றிலும் நீக்கப்பட்டன. செய்ய முடியாத காரியமாக இருக்கவில்லை. செய்யத் தோன்றுவதற்குத்தான் இத்தனை பிணங்கள் தேவைப்பட்டன.

ஆள் மட்டும் போட்டால் போதுமா? போதாது. 2025 ஜூலை 8-ஆம் தேதி கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் ஆள் இருந்த கேட்டில்தான் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அந்த கேட்டுக்கும் சிக்னலுக்கும் பூட்டுத் தொடர்பு இல்லை. கேட் மூடினால்தான் சிக்னல் விழும் என்ற ஏற்பாடு அங்கு இருக்கவில்லை. ஆகவே பாதுகாப்பு என்பது மூன்று கால் முக்காலி. பொறுப்புள்ள ஆள் வேண்டும். அவர் தவறினாலும் தடுக்கும் பூட்டு வேண்டும். நடந்ததை நிமிடம் நிமிடமாகச் சொல்லும் பதிவேடு வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் போனில் பேசும்போது ஒரு ரகசிய எண்ணைச் சொல்லி இருவரும் புத்தகத்தில் எழுதிக்கொள்வது எதற்காக? நாளை விசாரணை வந்தால் "நான் சொன்னேன்", "நான் கேட்கவில்லை" என்று யாரும் நழுவக் கூடாது என்பதற்காக.

இப்போது ஆகாயத்துக்கு வாருங்கள். நமது மீன்பிடிப் படகு ஒன்று எஞ்சின் நின்று அலைந்துகொண்டிருக்கிறது. ஆளில்லா ஹெலிகாப்டர் அதற்கு மேலே பறந்து போகிறது. படம் எங்கோ ஒரு திரையில் விழுகிறது. திரைக்கு முன் உட்கார்ந்தவர் பார்த்தாரா? பார்த்து யாரிடம் சொன்னார்? அவர் எத்தனை மணிக்கு என்ன உத்தரவு போட்டார்? ஒரு வாரம் கழித்துப் படகுக்காரரின் மனைவி ஜெட்டியில் வந்து கேட்டால் யார் முன்னால் வந்து நிற்பார்? "அது ஆளில்லா யந்திரம் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிடலாமா?

கண் உண்டு, கை உண்டா?

நாம் கற்பனையாகப் பயம் காட்டவில்லை. உலகம் பார்த்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

2014-இல் மால்டாவைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனம் 'ஃபீனிக்ஸ்' என்ற கப்பலில் எஸ்-100 யந்திரங்கள் இரண்டை ஏற்றிக்கொண்டு மத்தியதரைக் கடலுக்குப் போனது. ஆப்பிரிக்காவிலிருந்தும் சிரியாவிலிருந்தும் ஓட்டைப் படகுகளில் ஐரோப்பாவுக்குப் பிழைக்க வந்தவர்களைத் தேடிக் காப்பாற்றுவதற்காக. யந்திரம் மேலேயிருந்து கண்டது. கப்பல் போய்த் தூக்கியது. முதல் 60 நாள் பயணத்தில் ஏறத்தாழ 3,000 உயிர்களைக் காப்பாற்ற அந்தக் கப்பல் உதவியது. போருக்கென்று விற்கப்படும் அதே யந்திரம், நம்மைப் போன்ற ஏழை புலம்பெயர்ந்தவர்களுக்கு உயிர் கொடுக்கும் கருவியாகவும் ஆயிற்று. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஐந்தாண்டு கழித்து அதே கடலில் நடந்ததைப் பாருங்கள். 2019 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் 'சோஃபியா' என்ற கடற்படை நடவடிக்கையை நீட்டித்தது. எப்படி? கப்பல்களை விலக்கிக்கொண்டு, ஆகாயக் கண்காணிப்பை மட்டும் அதிகமாக்கியது! கப்பல் இருந்தால் மூழ்குகிறவனைத் தூக்க வேண்டியிருக்கும். தூக்கினால் எந்த நாட்டுக் கரையில் இறக்குவது என்ற சண்டை வரும். ஆகாயத்திலிருந்து பார்ப்பதில் அந்தத் தொல்லை இல்லை. கண்ணை வைத்துக்கொண்டு கையை எடுத்துவிட்டார்கள்.

தூர தேசத்துக் கதை என்று ஒதுக்க முடியாது. 2021 பிப்ரவரி 11-ஆம் தேதி வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரிலிருந்து ரோஹிங்கியா அகதிகள் 90 பேர் ஒரு படகில் புறப்பட்டார்கள். எஞ்சின் நின்றது, உணவும் நீரும் தீர்ந்தன. நம் அந்தமான் கடலில்தான் அலைந்தார்கள். இந்தியக் கடலோரக் காவல் படை அந்தப் படகைக் கண்டுபிடித்தது. உணவும் தண்ணீரும் மருந்தும் கொடுத்தது. கொடுத்த கைகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். எட்டுப் பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். 81 பேர் உயிரோடு இருந்தார்கள். ஆனால் கரையேற்றச் சொல்லி மேலிருந்து உத்தரவு வரவில்லை. ஜூன் 4-ஆம் தேதி இந்தோனேஷியாவின் அச்சே மாநிலத்தில் ஒரு சிறு தீவில் அவர்கள் ஒதுங்கியபோது, புறப்பட்டு 113 நாள் ஆகியிருந்தது. பார்க்காததால் அல்ல, பார்த்த பிறகும் 113 நாள். சாசனம் கையில் வைத்துக்கொண்டு கப்பலேறிய தாயகம் திரும்பியோர் குடும்பங்களுக்கு, கரை மறுக்கப்படுவது என்றால் என்ன என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

கண்ணும் கையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே சாட்சி உண்டு. 2024 நவம்பர் 23-ஆம் தேதி பாரன் தீவுக்கு அருகே சந்தேகமான ஒரு மியான்மர் படகைக் கடலோரக் காவல் படையின் டார்னியர் விமானம் கண்டது. உடனே ரோந்துக் கப்பல் விரைந்தது. மறுநாள் அந்தப் படகு போர்ட் பிளேருக்கு இழுத்து வரப்பட்டது. ஐந்து டன்னுக்கு மேல் போதைப்பொருள் பிடிபட்டது. கண்டது விமானம், பிடித்தது கப்பல். போதைப்பொருளைப் பிடிக்க ஒரே நாளில் நீளும் கை, மூழ்கும் மனிதனைப் பிடிக்கவும் அதே வேகத்தில் நீள வேண்டும் என்பதுதான் நமது வாதம்.

தீவின் தேவை

தீவில் ஹெலிகாப்டர் என்றால் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது போர் அல்ல, நோயாளி. வெளித்தீவில் பிரசவம் சிக்கலானால், நெஞ்சுவலி வந்தால், போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர வேண்டும். கப்பல் வரும் நாள் வேறு, வலி வரும் நாள் வேறு. அந்த நேரத்தில் ஒரு ஹெலிகாப்டர் இறங்கினால் அதுதான் தெய்வம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியில் கார் நிகோபார் விமானப்படைத் தளமே சிதைந்து, வீரர்களும் குடும்பத்தாருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த நிலையிலும் அங்கிருந்த எம்.ஐ-8 ஹெலிகாப்டர்களின் விமானிகள் தண்ணீரில் சிக்கியவர்களைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள். சொந்த வீடு போன மனிதன் ஊரார் பிள்ளையைத் தூக்கினான். 50 கிலோ சுமக்கும் யந்திரம் ஒரு கர்ப்பிணியைத் தூக்காது.

ஆனால் அந்த 50 கிலோவில் எத்தனை ரத்தப் பை அடங்கும்! எத்தனை பாம்புக்கடி மருந்து, எத்தனை தடுப்பூசி அடங்கும்! காணாமல் போன படகை ராத்திரியில் தேட அந்தச் சூட்டுக் காமிராவுக்கு இணை உண்டா? இது நமது ஆசை மட்டுமல்ல. 2021 செப்டம்பரில் மத்திய அரசாங்கம் ட்ரோன் மூலம் தடுப்பூசி கொண்டு போக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு அனுமதி கொடுத்தபோது, மணிப்பூர், நாகாலாந்தோடு அந்தமான் நிகோபாரின் பெயரையும் எழுதித்தான் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் மணிப்பூரின் லோக்தக் ஏரியிலுள்ள கராங் தீவுக்கு, சாலையும் படகுமாக 26 கிலோமீட்டர் போக வேண்டிய மருந்து, ஆகாயத்தில் கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. ஏரித் தீவுக்கு முடிந்தது கடல் தீவுக்கு வழக்கமாக வேண்டாமா?

ஆட்சேபனைகளுக்குப் பதில்

முதல் ஆட்சேபனை: "இது நாட்டின் பாதுகாப்பு. கேள்வி கேட்பவன் தேசவிரோதி." இந்தியாவின் பிரத்தியேகப் பொருளாதாரக் கடற்பரப்பில் கால் பங்குக்கு மேல், ஏறத்தாழ 6 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தத் தீவுகளைச் சுற்றி இருக்கிறது. இந்திரா முனையிலிருந்து இந்தோனேஷியா ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். காவல் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. கிரேட் நிகோபாரில் நாட்டுக்காக உழைத்துவிட்டு வந்து காடு திருத்திக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நம் சங்கத்துக்காரர்கள்தானே? அவர்களுக்கு யார் தேசபக்தி கற்பிப்பது? எல்லையைக் காப்பது எல்லையில் வாழும் மனிதனைக் காப்பதற்காகத்தான்.

இரண்டாவது: "ஆளில்லா யந்திரம் விழுந்தால் விமானி சாவதில்லை." உண்மை. 2020 நவம்பரில் குத்தகைக்கு வாங்கி அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பறக்கவிட்ட எம்.க்யூ-9பி யந்திரங்களில் ஒன்று 2024 செப்டம்பர் 18-ஆம் தேதி பழுதாகிச் சென்னைக்கு அப்பால் கடலில் இறக்கப்பட்டது. அது ஹெலிகாப்டர் அல்ல, இறக்கை வைத்த பெரிய யந்திரம். விமானி இருந்திருந்தால் ஒரு தாய் பிள்ளையை இழந்திருப்பாள். அந்த வகையில் மகிழ்ச்சியே. ஆனால் அடுத்த மாதமே அதே ரகத்தில் 31 வாங்க ஒப்பந்தமாயிற்று. மதிப்பு சுமார் 32,000 கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. விமானியின் உயிர் அருமையானது என்றால் படகுக்காரனின் உயிர் மலிவானதா? அந்தப் பணத்தின் ஒரு துளி தீவுகளின் மீட்புப் படகுக்கும் ஆஸ்பத்திரி ஹெலிகாப்டருக்கும் வரக் கூடாதா?

மூன்றாவது: "ராணுவ ரகசியத்தைப் பதிவேட்டில் எழுத முடியுமா?" நாம் யுத்தத் திட்டத்தைக் கேட்கவில்லை. எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று கேட்கவில்லை. ஒரு படகு காணாமல் போனதாகப் புகார் வந்தால், அந்த நாளில் அந்தத் திசையில் யந்திரம் பறந்ததா, எதைக் கண்டது, யாரிடம் சொன்னது என்று விசாரணை அதிகாரி பார்க்கும்படி பதிவு இருக்க வேண்டும் என்கிறோம். ரயில் விபத்தில் ஸ்டேஷனின் டேட்டா லாகரைப் பார்ப்பது போல. ரகசியம் எதிரிக்கு எதிராக இருக்கட்டும். விதவைக்கு எதிராக வேண்டாம்.

இன்னொன்று. இந்தப் பிரதேசத்துக்குச் சட்டசபை கிடையாது. டில்லியில் ஒரே ஒரு எம்.பி.; இங்கே லெப்டினன்ட் கவர்னர். சட்டசபை இருக்கும் மாநிலத்தில் ஒரு எம்.எல்.ஏ. எழுந்து கேட்கும் கேள்வியை இங்கே கேட்க ஆளில்லை. நிர்வாகத்திலேயே பதில் சொல்லும் ஆள் குறைந்த இடத்தில், ஆகாயத்திலும் ஆளில்லா யந்திரம் என்றால் பொறுப்பு எங்கே போய் நிற்கும்?

சுனாமிக்குப் பிறகு வடக்கு சென்டினல் தீவின் மேல் பறந்த கடலோரக் காவல் படை ஹெலிகாப்டரை நோக்கி ஒரு சென்டினல் மனிதர் அம்பைக் குறி வைத்தார். அந்தப் படத்தை உலகமே பார்த்தது. தன் தலைக்கு மேலே அழைக்காமல் வந்த கண்ணுக்கு அவர் தெரிவித்த ஆட்சேபனை அது. நம்மிடம் அம்பு இல்லை. மனு உண்டு.

நமது கோரிக்கைகள்

ஒன்று: தீவுக் கடலில் எந்த ஆளில்லா ஹெலிகாப்டர் நிறுத்தப்பட்டாலும், காணாமல் போன படகைத் தேடுவதும் அவசர மருந்தும் ரத்தமும் கொண்டு சேர்ப்பதும் அதன் கடமை என்று உத்தரவிலேயே எழுதப்பட வேண்டும். தயவாக அல்ல, கடமையாக.

இரண்டு: ஆளில்லா யந்திரம் வந்ததைக் காரணம் காட்டி விமானியோடு பறக்கும் ஹெலிகாப்டர்களையோ ரோந்துக் கப்பல்களையோ தீவுகளுக்கிடையேயான கப்பல் நடைகளையோ ஒன்றுகூடக் குறைக்கக் கூடாது.

மூன்று: ஒவ்வொரு பறத்தலுக்கும் பெயரும் பதவியும் உள்ள ஓர் அதிகாரி பொறுப்பேற்க வேண்டும். கண்டது, சொன்னது, செய்தது ஆகிய மூன்றும் மணி நிமிடத்தோடு பதிவாக வேண்டும். ஒவ்வொரு தீவின் ஜெட்டியிலும் புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண் தமிழ், வங்காளி, ஹிந்தி, தெலுங்கு, நிகோபாரி மொழிகளில் எழுதி வைக்கப்பட வேண்டும்.

நான்கு: இந்தக் கண் கடலைப் பார்க்கட்டும். குடியிருப்புகளையும் சங்கக் கூட்டங்களையும் கூலிக்காரர் வேலைநிறுத்தங்களையும் பார்க்க இதைத் திருப்பக் கூடாது. ஆதிகுடிகளின் காப்பகங்களின் மேல் தாழப் பறக்கக் கூடாது.

தோழர்களே, மனு எழுதினால் மட்டும் போதாது. மனுவுக்குக் கணக்கு வேண்டும். பதிவேடு கேட்கும் நாம் முதலில் நம் பதிவேட்டைத் திறப்போம். ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். உங்கள் தீவில் காணாமல் போன படகு, ஹெலிகாப்டருக்குக் காத்திருந்த நோயாளி, வராமல் போன கப்பல் ஆகியவற்றை எழுதுங்கள். என்ன தேதி, எத்தனை மணிக்குச் சொன்னோம், யாரிடம் சொன்னோம், பதில் எப்போது வந்தது, வந்ததா இல்லையா என்று எழுதுங்கள். மிகையாக ஒரு வரி வேண்டாம். விடுபட்ட ஒரு வரியும் வேண்டாம். அடுத்த மூன்று மாதத்துக்குள் எல்லாக் கிளைகளின் நோட்டும் சங்க அலுவலகத்துக்கு வந்து சேரட்டும். அவற்றைச் சேர்த்துக் கட்டி, எம்.பி.யிடமும் லெப்டினன்ட் கவர்னரிடமும் கட்டளையகத்திடமும் ஒரே நாளில் நேரில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் கேட்டு வாங்குவோம்.